கலைவாணரும் கலை ஈந்த பிழைப்பும்

ஆண்டு விழாவிற் கலை நிகழ்ச்சிக்குச் செலவிடும் பணம் வீண் என்று நம் காலனி அன்பர் சிலர் கூறக் கேட்டிருக்கிறோம். அவர்கட்கு விடையாக அமைந்த ஒருவரின் வாழ்வை ஈண்டு எழுதத் துணிந்தோம்.

குன்னத்துகாலிலும் பாறசாலையிலும் குடியிருப்போர்க்கு நாகர்கோவில் தொலைவூர் அன்று. 1956 நவம்பர் முதல் நாள் எல்லை பிரிந்தபோது நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகத்தீசுவரம் ஆகியவை தமிழகம் சேர்ந்தன. அந்த நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் 1908 நவம்பர் 29 அன்று பிறந்தவரே கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன்.

ஏழைக் குடும்பம். அன்னையார் சிறு சோற்றுக்கடை நடத்தினார். நான்காம் வகுப்போடு படிப்பு நின்றது. டென்னிஸ் மட்டைக்கு நரம்பு பின்னினார். நாடகக் கொட்டகையிற் சோடா விற்றார். மேடைமேல் ஆடுவோர்க்கு மட்டுமன்றி, வாசலில் நிற்பவனுக்கும் நாடகம் சோறு போடும் என்பதை அவர் ஏட்டிற் படிக்கவில்லை. சோடாப் புட்டியைக் கையிலேந்தி அறிந்தார். அக்கொட்டகையே அவரை ஈர்த்துக்கொண்டது. டி. கே. எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவிற் சேர்ந்தார். 1935-இல் ‘மேனகா’, 1936-இல் ‘சதி லீலாவதி’ எனத் திரைப்படங்களிலும் தோன்றினார். ‘வசந்தசேனா’ படத்திற்காகப் புனா சென்ற காலத்தில் டி. ஏ. மதுரம் அம்மையார் அவர்தம் வாழ்க்கைத் துணையானார்.

தாம் மட்டும் உயர்ந்தால் போதும் என அவர் கருதவில்லை. நகைச்சுவைக்கெனத் தனிக் குழு வைத்திருந்தார். காட்சியும் பாட்டும் அக்குழுவிலேயே உருவாகும். படமெடுப்போர் அதனைத் தம் கதையோடு சேர்த்துக்கொள்வர். அதனால் பல குடும்பங்களுக்கு வேலை கிடைத்தது.

அவ்வேலை எவ்வளவு பெரிதென்பது துன்பக் காலத்தில் தெரிந்தது. 1944-இல் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் தியாகராஜ பாகவதரோடு கலைவாணரும் கைதானார். ஆயுள் தண்டனை விதிக்கப்பெற்றுப் பின்னர் பிரிவி கவுன்சில் வரை வழக்குச் சென்றது. 1947-இல் விடுதலை பெற்றார். தலைவர் சிறையில் இருக்க, நடிகர், ஆர்மோனியக்காரர், திரை எழுதுவோர், உடை தைப்போர், சமையற்காரர் ஆகியோரின் கதி என்ன? மதுரம் அம்மையாரும் எஸ். வி. சகஸ்ரநாமமும் அவர் பெயரிலேயே நாடக சபை நடத்தி அவர்களைக் காத்தனர். ‘பைத்தியக்காரன்’ நாடகம் படமாகி 1947-இல் வெளிவந்தது. அம்மையாரின் துணிவை நாம் எவ்வளவு புகழ்ந்தாலும் தகும்.

1949-இல் வந்த ‘நல்லதம்பி’யில் ‘கிந்தனார்’ காலட்சேபம் செய்தார். தாழ்த்தப்பட்ட சிறுவன் ஒருவன் ரயிலேறி நகரம் சென்று கல்வியால் உயரும் கதை அது. ரயில்வேயிற் பணிபுரியும் நமக்கு அந்த ரயில் மீது தனிப்பற்று உண்டு, பொறுத்தருள்க.

நம் பகுதிக்கு அவர் செய்த பெருந்தொண்டு வில்லுப்பாட்டே. வில், குடம், உடுக்கை, கட்டை, தாளம் என ஐந்தாறு பேர் கூடும் கலை அது. கொடை விழாக்களே அவர்கட்கு வருவாய்; அம்மாதங்கள் கழிந்தால் வில் பரணில் ஏறும். அந்த வில்லைக் கோயில் முற்றத்திலிருந்து பொதுமேடைக்கு ஏற்றினார் கலைவாணர். காந்தியடிகள் வரலாற்றை அதிற் பாடினார். மேடை பெருகவே, கொடை மாதம் என்ற வரம்பும் தளர்ந்தது.

ஈட்டிய பொருளைக் கேட்டவர்க்கெல்லாம் வழங்கினார். கைம்மாறு எதிர்பாராத அக்குணத்தை ஊதாரித்தனம் என்பாரும் உளர். நாம் அவ்வாறு எண்ணவில்லை. தம் செலவில் நாகர்கோவிலில் காந்தி நினைவுத் தூணும் எழுப்பினார். 1957 ஆகஸ்டு 30 அன்று, நாற்பத்தெட்டாம் வயதில், சென்னையில் மறைந்தார். 1969 பொங்கல் நாளில் தியாகராய நகரில் அவர் சிலையை முதலமைச்சர் அண்ணா திறந்து வைத்தார்.

காந்தியடிகள் வில்லுப்பாட்டை எழுத, திருநெல்வேலிச் சீமை இளைஞர் ஒருவரைக் கலைவாணர் சென்னைக்கு அழைத்துச் சென்றிருந்தார். அவரே சுப்பு ஆறுமுகம். கலைவாணருக்குப் பின் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக வில்லாலேயே வாழ்ந்து, 2021-இல் பத்மஸ்ரீ விருது பெற்று, 2022-இல் மறைந்தார். அவர்தம் மகளார் பாரதி திருமகனும் வில்லையே கையிலேந்தினார்.