கம்ப்யூட்டருக்குப் பாடம் சொன்ன டீச்சர்!

கம்ப்யூட்டருக்கு எத்தனை எழுத்துகள் தெரியும், சொல்லுங்கள் பார்ப்போம். 0, 1 என்ற இரண்டே இரண்டுதான்! அப்படியானால், மனிதர்கள் எழுதும் கட்டளைகள் அதற்கு எப்படிப் புரிகின்றன? நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் இருக்கிறார். ‘கம்பைலர்’ என்பது அவர் பெயர். அவர் மனிதர் அல்ல, அவரும் ஒரு புரோகிராம்தான். அந்த வழியை முதலில் காட்டியவர்களுள் முக்கியமானவர் கிரேஸ் ஹாப்பர்.

1906ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் தேதி அமெரிக்காவின் நியூயார்க் நகரில் பிறந்தார் கிரேஸ். ஏழு வயதில் அலாரம் கடிகாரம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க ஆசை வந்தது. ஒன்றைப் பிரித்தாள். திரும்ப மாட்டத் தெரியவில்லை. அதைப் பார்த்து மாட்டலாம் என்று இன்னொன்றைப் பிரித்தாள். இப்படியே வீட்டிலிருந்த ஏழு கடிகாரங்களும் துண்டு துண்டாகிவிட்டன! அம்மா அடிக்கவில்லை. இனிமேல் ஒரே ஒரு கடிகாரத்தை மட்டும் வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டார்.

கல்லூரி நுழைவுத் தேர்வில் லத்தீன் பாடத்தில் தோற்றதால், கிரேஸ் ஓராண்டு காத்திருக்க வேண்டியதாயிற்று. ஆனால் கணக்கில் அவர் புலி. 1934இல் யேல் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். தான் படித்த வாசர் கல்லூரியிலேயே ஆசிரியையாகவும் ஆனார்.

இரண்டாம் உலகப் போர் வந்தது. நாட்டுக்கு உதவ, கடற்படையில் சேர விரும்பினார் கிரேஸ். வயது அதிகம் என்றார்கள். எடையோ சுமார் 7 கிலோ குறைவு! அவர் விடவில்லை. போராடி அனுமதி வாங்கி, 1943 டிசம்பரில் சேர்ந்துவிட்டார்.

அவரை 1944இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார்கள். அங்கே ‘மார்க் 1’ என்ற ராட்சதக் கணக்கு இயந்திரம் இருந்தது. 51 அடி நீளம், 8 அடி உயரம். ஆனால் ஒரு விநாடிக்கு மூன்று கூட்டல்தான் அதனால் போட முடியும். கட்டளைகளைக் காகித நாடாவில் துளைகளாக இட்டுக் கொடுக்க வேண்டும்.

1947இல் அடுத்த இயந்திரமான ‘மார்க் 2’ ஒருநாள் தகராறு செய்தது. திறந்து பார்த்தால், உள்ளே ஓர் அந்துப்பூச்சி சிக்கியிருந்தது! அதை எடுத்து நோட்டுப் புத்தகத்தில் ஒட்டி வைத்தது கிரேஸ் இருந்த குழு.

பூச்சியை எடுத்துவிடலாம். மனிதர்களின் கைத்தவறை என்ன செய்வது? ஒரே கணக்கு முறை பல புரோகிராம்களுக்குத் தேவைப்படும். ஒருவர் எழுதிய பகுதியை மற்றவர் நோட்டைப் பார்த்துக் காப்பி அடிப்பார். அதிலுள்ள எண்களை ஒவ்வொன்றாகக் கூட்டி மாற்ற வேண்டும். எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் எங்காவது ஓர் எண் தப்பிவிடும். தப்பைக் கண்டுபிடிக்கவே நாள் கணக்கில் ஆகும்.

பார்த்து எழுதுவதும் கூட்டுவதும் கம்ப்யூட்டருக்குக் கைவந்த கலையாயிற்றே! அந்த வேலையை அதனிடமே கொடுத்தால் என்ன என்று யோசித்தார் கிரேஸ். 1949 முதல் ‘யூனிவாக்’ கம்ப்யூட்டரை உருவாக்கிய நிறுவனத்தில் அவருக்கு வேலை. அங்கே, அடிக்கடி தேவைப்படும் பகுதிகளுக்கு எண் கொடுத்துக் காந்த நாடாவில் சேமித்தார். எந்த எண்கள் வேண்டும் என்று பட்டியல் எழுதினால் போதும். கம்ப்யூட்டரே அவற்றைத் தேடி எடுத்து, தொகுத்து, முழு புரோகிராமாக்கிவிடும். தொகுப்பதால் அதற்குக் ‘கம்பைலர்’ என்று பெயர். 1952இல் உருவான அதை ‘ஏ-0’ என்று அழைத்தார்கள்.

ஆனால் யாரும் அதைத் தொடவே இல்லை! கம்ப்யூட்டர் கணக்குதான் போடும், புரோகிராம் எழுதாது என்று சாதித்தார்கள். கிரேஸ் சோர்ந்துவிடவில்லை. மேலும் மேம்படுத்தினார். 1953இல் ‘ஏ-2’ தயாரானபோது, யூனிவாக் வாங்கியவர்களுக்கு அது கொடுக்கப்பட்டது. அதை எழுதிய வரிகளையும், அதாவது மூலநிரலையும், மறைக்காமல் சேர்த்தே கொடுத்தார்கள். நீங்கள் திருத்தி மேம்படுத்தினால் எங்களுக்கும் அனுப்புங்கள் என்றும் கேட்டுக்கொண்டார்கள்.

அடுத்து, ஆங்கிலச் சொற்களிலேயே கட்டளை கொடுக்க ஆசைப்பட்டார் கிரேஸ். எந்த மொழிச் சொல்லானாலும் கம்ப்யூட்டருக்கு ஒன்றுதான் என்று காட்ட, பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் கட்டளைகளை மாற்றிக் காட்டினார். நிர்வாகிகள் பதறிவிட்டார்கள். அமெரிக்காவில் செய்த கம்ப்யூட்டருக்குப் பிரெஞ்சு எப்படிப் புரியும் என்று கேட்டார்களாம்! பொறுமையாக விளக்கிச் சம்மதிக்க வைத்தார். அப்படிப் பிறந்தது ‘ஃப்ளோமேட்டிக்’. 1959இல் திட்டமிடப்பட்ட புகழ்பெற்ற ‘கோபால்’ மொழிக்கு அதுவே முக்கிய அடிப்படை.

கடற்படை 1966இல் அவருக்கு ஓய்வு கொடுத்தது. மறு ஆண்டே திரும்ப அழைத்துக்கொண்டது! 1986இல் ரியர் அட்மிரல் என்ற உயர் பதவியில் ஓய்வு பெற்றபோது அவருக்கு வயது 79. 1992 ஜனவரி 1ஆம் தேதி, 85ஆவது வயதில் காலமானார்.

மூலநிரலைப் பகிர்ந்துகொள்ளும் வழக்கம் அவருக்குப் பின் பெரிய மரமாக வளர்ந்தது. 1987இல் ரிச்சர்டு ஸ்டால்மன் ‘ஜி.சி.சி.’ என்ற கம்பைலரை எல்லோருக்கும் சுதந்திரமாகக் கொடுத்தார். இணையத்தில் நாம் கேட்கும் பக்கத்தை எடுத்து அனுப்பும் புரோகிராமுக்கு ‘வெப் சர்வர்’ என்று பெயர். 1995இல் ஒரு பழைய வெப் சர்வரில் ஆளுக்கொரு திருத்தம் செய்து, பகிர்ந்துகொண்டு, ‘அப்பாச்சி’யை உருவாக்கியது ஒரு குழு. ‘சி’ மொழியில் எழுதப்பட்ட அதன் மூலநிரலை யாரும் பார்க்கலாம், திருத்தலாம். ஜி.சி.சி.யிடம் கொடுத்தால், 0, 1 மொழிக்கு மாற்றித் தந்துவிடும். இரண்டுக்கும் காசு கிடையாது!

கிரேஸ் தன் கண்டுபிடிப்பைப் பூட்டி வைத்திருந்தால், மற்றவர்கள் அதை மேம்படுத்தியிருக்க முடியுமா? நீங்களும் கடினமான கணக்குக்கு எளிய வழி கண்டுபிடித்தால், பக்கத்தில் இருக்கும் நண்பருக்கும் சொல்லிக் கொடுங்கள். அவர் அதைவிட எளிய வழியை உங்களுக்குச் சொல்லக்கூடும்!