பல முகங்கள் கொண்ட குளோட் காஹுன்

பிரான்சின் மேற்கே உள்ள நாந்த் நகரில் 1894 ஒக்டோபர் 25ஆம் நாள் லூசி ஷ்வொப் பிறந்தார். தந்தையார் யூத மரபினர். அந்நகரின் நாளேடொன்றை நடத்தியவர். தாயார் மனநோயுற்று மருத்துவமனையில் இருந்தமையால் பாட்டியாரே சிறுமியை வளர்த்தார். யூத இராணுவ அதிகாரி திரேபியுஸ் மீது பொய்க்குற்றம் சுமத்தப்பட்டு, பிரான்ஸ் எங்கும் யூத வெறுப்பு மூண்டிருந்த காலம் அது. பள்ளியில் உடன் பயின்ற பிள்ளைகளின் கொடுமை தாளாது, லூசியை இங்கிலாந்துப் பள்ளியொன்றுக்கு அனுப்ப நேர்ந்தது.

பின்னாளில் அவர் குளோட் காஹுன் என்று பெயர் சூடிக்கொண்டார். காஹுன், அவரை வளர்த்த பாட்டியாரின் பிறந்தகப் பெயர். குளோட், பிரெஞ்சு மொழியில் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவான பெயர். அவர் தெரிந்தே எடுத்த தெரிவு அது. அவருடைய வாழ்க்கைத் துணைவியான ஓவியர் சுசான் மலேர்ப், மார்செல் மூர் என்ற ஆண் பெயரை ஏற்றார். 1917இல் காஹுனின் தந்தையார் சுசானின் தாயாரை மணந்ததால், ஊராரின் கண்ணுக்கு இருவரும் சகோதரியர் ஆயினர்.

1920களின் தொடக்கத்தில் இருவரும் பாரிஸ் நகரின் மொன்பர்னாஸ் பகுதியில் குடியேறினர். வீட்டுக்குள்ளேயே புகைப்படங்கள் பிறந்தன. கமெராவின் முன் நின்றவர் காஹுன். பின்னால் நின்றவர் பெரும்பாலும் மூர். ஒரு படத்தில் தலை முழுவதும் மழித்த துறவி போன்ற தோற்றம். 1927ஆம் ஆண்டுப் படத்தில் கன்னங்களில் இதயச் சின்னம் வரைந்து, கையில் பளுதூக்கும் கம்பியுடன், பொம்மை போன்றொரு பயில்வான். 1928ஐ ஒட்டிய படமே எம்மை மிகவும் ஈர்த்தது. குட்டை முடியும் கட்டம்போட்ட மேலங்கியுமாகக் கண்ணாடி அருகே நிற்கிறார். கண்ணாடி முன் நிற்கும் பெண் தன் அழகைப் பார்த்து மகிழ்வதாகவே ஓவியர்கள் காலங்காலமாகத் தீட்டி வந்துள்ளனர். இவரோ கண்ணாடிக்கு முகங்கொடாது நேரே எம்மைப் பார்க்கிறார். கண்ணாடியில் தெரியும் மற்றவர் வேறெங்கோ பார்க்கிறார். ஆணா பெண்ணா என்ற கேள்விக்கு இரண்டிலும் அடங்காத நிலையே தமக்குப் பொருந்தும் என 1930இல் வெளியான தம் நூலில் அவர் எழுதினார். இந்தத் தற்படங்களில் மிகப் பெரும்பாலானவை அவர் வாழ்ந்த காலத்தில் மக்கள் பார்வைக்கு வரவேயில்லை.

1937இல் இருவரும் ஜேர்சித் தீவில், சென் பிரெலேட் கல்லறைத் தோட்டத்தை அடுத்த வீடொன்றை வாங்கினர். 1940இல் ஜேர்மன் படைகள் அத்தீவைக் கைப்பற்றின. முகமூடி அணியும் கலை இப்போது வேறொரு பணிக்கு வந்தது. தங்கள் மேலதிகாரிகளை வெறுக்கும் பெயரற்ற ஜேர்மன் சிப்பாய் ஒருவனை இவ்விருவரும் கற்பனையில் படைத்தனர். ஒளித்து வைத்த வானொலியில் கேட்ட செய்திகளை, ஜேர்மன் மொழி அறிந்த சுசான் அவன் குரலில் எழுதினார். தட்டச்சு செய்த மெல்லிய தாள்கள் சிப்பாய்களின் அங்கிப் பைகளிலும் சிகரெட் பெட்டிகளிலும் இராணுவ வாகனங்களிலும் போய்ச் சேர்ந்தன. கிளர்ச்சிக்காரப் படையணி ஒன்றே தீவில் இயங்குவதாக ஜேர்மானியர் தேடி அலைந்தனர்.

1944 யூலை 25இல் இருவரும் கைதாயினர். காஹுனுக்கு வயது 49, சுசானுக்கு 52. இருவரும் நஞ்சுமாத்திரை விழுங்கியும் உயிர் பிழைத்தனர். இத்தனையும் செய்தவர்கள் நடுத்தர வயதுப் பெண்கள் இருவர் மட்டுமே என்பதை அதிகாரிகளால் நம்ப முடியவில்லை. நவம்பரில் மரணதண்டனை விதிக்கப்பட்டது. வானொலி வைத்திருந்ததற்குச் சிறைத்தண்டனையும் சேர்ந்தது. இவற்றில் எதை முதலில் அனுபவிப்பது எனக் காஹுன் நீதிபதியிடம் வினவினாராம். மரணதண்டனை பின்னர் குறைக்கப்பட்டது. 1945 மே 8இல் சிறைக்கதவு திறந்தது. ஆயினும் வீடு சூறையாடப்பட்டு, படங்களில் பல அழிக்கப்பட்டிருந்தன. அம்மாதம் எடுத்த படத்தில், தலையில் துணி கட்டி வீட்டு வாசலில் நிற்கும் காஹுன், நாஜிக் கழுகுச் சின்னமொன்றைப் பற்களிடையே கடித்து நிற்கிறார்.

சிறைவாசத்தில் நலிந்த உடல் தேறவில்லை. 1954 டிசம்பர் 8இல் அவர் மறைந்தார். சுசான் 1972இல் இறந்தபின் வீட்டுப் பொருட்கள் ஏலத்துக்கு வந்தன. எஞ்சிய படங்களின் பெருந்தொகுதி இன்று ஜேர்சி மரபுரிமை நிறுவனத்திடம் உள்ளது. 1992இல் பிரான்சுவா லெபெர்லியே எழுதிய வாழ்க்கை வரலாறு வெளிவந்த பின்னரே உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது. பாரிஸில் அவர்கள் குடியிருந்த பகுதியில் ஒரு பாதைக்கு 2018இல் இருவரின் பெயரும் சூட்டப்பட்டது. அங்கு குளோட் காஹுன், மார்செல் மூர் என்றிருக்கிறது. சென் பிரெலேட் கல்லறைத் தோட்டத்தில் இருவருக்கும் பொதுவாக நாட்டிய ஒரே கல்லில், இரு தாவீது நட்சத்திரங்களுடன், லூசி ஷ்வொப், சுசான் மலேர்ப் என்ற பிறவிப் பெயர்களே பொறிக்கப்பட்டுள்ளன.