பூட்டுப் போட்ட அமைச்சர்

அயர்லாந்து என்றதும் நமக்கு நினைவுக்கு வருகிற பெயர் டிவேலரா. ஒரு காலத்தில் தமிழ் மேடைகளில் அடிக்கடி ஒலித்த பெயர் அது. அடுத்து வருவது மைக்கேல் காலின்ஸ். ஆனால் அதே நாட்டில், அதே நாட்களில், அவ்விருவருக்கும் இளையவராக நின்று, ஆட்சியின் பாரத்தைத் தோளில் தாங்கி, 35 வயதிலேயே துப்பாக்கிக் குண்டுக்கு இரையான ஒருவர் இருந்தார். அவர்தான் கெவின் ஓஹிக்கின்ஸ். அயர்லாந்தில் அவர் பெயரை அறியாதவர் இல்லை. நம் தோழர்களில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். அவர் வரலாற்றை இன்று சொல்ல எண்ணுவதற்குக் காரணம் உண்டு. திருநாட்களில் மதுக்கடைகளை மூடலாமா, கூடாதா என்ற கேள்வி எங்கே எழுந்தாலும், அந்த மனிதர் போட்ட பூட்டின் கதையிலே பாடம் இருக்கிறது.

1892 ஜூன் 7-ஆம் நாள், ஸ்டிராட்பாலி என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை ஊர் மருத்துவர். உடன்பிறந்தார் கூட்டம் பெரிது. வீட்டில் மொத்தம் 16 பிள்ளைகள். தாய்வழிப் பாட்டனார் டி. டி. சல்லிவன் நாட்டு விடுதலைக்குப் பாட்டெழுதியவர், டப்ளின் நகரின் தலைவராகவும் இருந்தவர். நாட்டுப் பற்று அந்த வீட்டில் தாலாட்டோடு ஊட்டப்பட்டது என்று சொன்னால் மிகையாகாது.

பையனைக் குருவாக்க வேண்டும் என்பது ஏற்பாடு. மேனூத் குருமடத்தில் சேர்ந்தார். அங்கே புகைபிடிக்கக் கூடாது என்பது விதி. விதியை மீறினார், வெளியே அனுப்பப்பட்டார். பிறகு கார்லோ குருமடம், அதுவும் நிலைக்கவில்லை. கடைசியில் டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியில் சட்டம் படித்தார். பின்னாளில் நாடு முழுவதற்கும் விதி வகுத்தவர், இளமையில் விதிக்கு அடங்காதவராக இருந்தார் என்பது வேடிக்கைதான்.

1918-இல் பிரிட்டிஷ் அரசு, அயர்லாந்து இளைஞர்களைக் கட்டாயமாகப் படையில் சேர்க்க முயன்றது. அதை எதிர்த்துப் பேசியதற்காக ஓஹிக்கின்ஸ் சிறைக்குப் போனார். அந்த ஆண்டு இறுதியில் நடந்த தேர்தலில் சிறையில் இருந்தபடியே வெற்றி பெற்றார். 26 வயது. வென்றவர்கள் லண்டன் பாராளுமன்றத்துக்குப் போகவில்லை. டப்ளினில் தங்கள் மன்றத்தைத் தாங்களே கூட்டினார்கள். அந்த அரசில் உள்ளாட்சித் துறையின் துணை அமைச்சராக, காஸ்கிரேவ் என்பாருக்குத் துணையாக உழைத்தார். ஆங்கில ஆட்சியின் கண்முன்னே இன்னோர் ஆட்சியை நடத்துவது விளையாட்டல்ல. கோப்புகளை ஒளித்துவைத்து, வீடு மாற்றி, பெயர் மாற்றி நடத்திய ஆட்சி அது.

1921 டிசம்பரில் பிரிட்டனோடு உடன்படிக்கை ஏற்பட்டது. முழு விடுதலை இல்லை; ஆறு மாவட்டங்கள் பிரிந்தே நின்றன. டிவேலரா ஏற்க மறுத்தார். காலின்ஸ் ஏற்றார். ஓஹிக்கின்ஸ் காலின்ஸ் பக்கம் நின்றார். நேற்றுவரை ஒரே தட்டில் உண்ட தோழர்கள், மறுநாள் ஒருவரையொருவர் குறிபார்த்துச் சுட்டார்கள். 1922 ஆகஸ்டில் காலின்ஸ் வீழ்ந்தார்.

அந்த உள்நாட்டுப் போரின் கொடுமையை ஓஹிக்கின்ஸ் வாழ்விலேயே காணலாம். 1921 அக்டோபரில் அவருக்குத் திருமணம் நடந்தபோது மாப்பிள்ளைத் தோழனாக நின்றவர் ரோரி ஓகானர். 1922 டிசம்பர் 8-ஆம் நாள் அதே ஓகானரையும் வேறு மூவரையும் அரசு சுட்டுக்கொன்றது. நீதிமன்ற விசாரணை இல்லை. அமைச்சரவை முடிவு செய்தது. தயங்கித் தயங்கி, இறுதியில் ஓஹிக்கின்சும் இசைந்தார். அந்தப் போரில் அரசு நிறைவேற்றிய மரண தண்டனைகள் 77 என்பது நெடுங்காலமாகச் சொல்லப்படும் கணக்கு. இரண்டே மாதம் கழிந்தது. 1923 பிப்ரவரியில் எதிர்ப்பக்கத்தார் ஸ்டிராட்பாலி வீட்டுக்குள் புகுந்து அவருடைய தந்தையைச் சுட்டுக்கொன்றனர். தோழனை இழந்தார், தந்தையை இழந்தார். அந்தக் கை கறைபடாத கை என்று நாம் சொல்லவில்லை. சொல்லவும் கூடாது.

ஆனால் அதே கைதான் அந்த நாட்டுக்கு ஆயுதமில்லாக் காவல் படையைத் தந்தது. ஊரெங்கும் துப்பாக்கி வெடித்துக்கொண்டிருந்த நாளில், காவலர் கையில் துப்பாக்கி வேண்டாம் என்ற முடிவுக்குத் துணை நின்றார் அவர். சாமானிய மக்களின் மதிப்பைப் பெற்றுத்தான் சட்டம் நடக்க வேண்டும் என்ற துணிவு அதில் இருந்தது. அயர்லாந்துக் காவலர்களில் பெரும்பாலோர் இன்றும் துப்பாக்கி ஏந்துவதில்லை.

போர் ஓய்ந்தது. நீதித்துறை அமைச்சர் இனி எதைக் கவனிப்பார்? நாட்டைச் சுற்றிப் பார்த்தார். எங்கு திரும்பினாலும் மதுக்கடை! 1926 கணக்கெடுப்பின்படி மக்கள் தொகை 30 இலட்சத்துக்குச் சற்றுக் குறைவு. மதுக்கடைகளோ ஏறத்தாழ 13,000. கைக்குழந்தை, கிழவி எல்லாரையும் சேர்த்து எண்ணினாலும் சுமார் 230 பேருக்கு ஒரு கடை! சிற்றூர்களில் மளிகைக் கடையும் மதுக்கடையும் ஒன்றே. ஒரே கூரை, ஒரே கல்லாப்பெட்டி. தேயிலை வாங்க வந்தவன் கூலியைத் தொலைத்துவிட்டுப் போனான். வீட்டில் காத்திருந்தவளுக்குத் தேயிலையும் வரவில்லை, கூலியும் வரவில்லை.

1924-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார். பிறகு ஆராய ஒரு குழு அமைத்தார். 1927-இல் மற்றொரு சட்டம். அந்த 1927 சட்டந்தான் நாம் சொல்ல வந்த செய்தி. அதன்படி ஆண்டில் மூன்று நாட்கள் மதுக்கடைகள் மூடப்பட வேண்டும்: கிறிஸ்துமஸ், பெரிய வெள்ளி, மார்ச் 17-ஆம் நாளான புனித பேட்ரிக் திருநாள். டப்ளின், கார்க் போன்ற நகரங்களில் வேலை நாட்களில் பிற்பகல் 2.30 முதல் 3.30 வரை கடையடைப்பு. மதிய உணவுக்கு வந்த தொழிலாளி கடையிலேயே கிடந்துவிடாமல் வேலைக்குத் திரும்பட்டும் என்பது நோக்கம். மக்கள் அதற்குக் கேலியாகப் 'புனித மணி' என்று பெயர் சூட்டினர். தேவையற்ற கடைகளின் உரிமத்தை இழப்பீட்டுடன் ஒழிக்கவும் சட்டம் வழிவகுத்தது.

மது வணிகர்கள் சும்மா இருப்பார்களா? கொதித்தார்கள். எந்த ஊரிலும் செல்வாக்குள்ளவர் மதுக்கடைக்காரர். கடன் கொடுப்பவர் அவர். தேர்தலில் வாக்குச் சேகரிப்பவரும் அவரே. 1923 தேர்தலில் 63 இடம் பெற்றிருந்த ஆளுங்கட்சி, 1927 ஜூன் தேர்தலில் 47 இடத்துக்கு இறங்கிற்று. மது வணிகரின் சினமும் அதற்கு ஒரு காரணம். தன் கட்சிக்கு நட்டம் என்று தெரிந்தும் பின்வாங்காத அமைச்சர்கள் எத்தனை பேர்? விரல்விட்டு எண்ணலாம். அந்த உறுதியை நாம் பாராட்டுகிறோம்.

பாராட்டிவிட்டு, கேட்க வேண்டியதையும் கேட்போம்.

முதற்கேள்வி: பூட்டு யாருக்கு? பேட்ரிக் திருநாளில் டப்ளின் தெருக்களில் ஒரு கடையும் திறந்திராது. ஆனால் டப்ளின் நாய்க் கண்காட்சியில் மட்டும் மது கிடைத்தது! நாய் வளர்ப்பில் ஆர்வமே இல்லாத கனவான்களெல்லாம் அன்று அங்கே கூடினார்கள் என்பது அந்த ஊரில் வழங்கும் கதை. பெரிய வெள்ளியன்றும் விடுதியில் அறை எடுத்துத் தங்கியவருக்கு உணவோடு மது உண்டு. தொலைதூர ரயிலில் உண்டு, கப்பலில் உண்டு. அறை எடுக்கக் காசில்லாத கப்பல்துறைக் கூலிக்கு மட்டும் அன்று திருநாள் நெறி! புண்ணியம் என்பது பணப்பை இளைத்தவனுக்கு மட்டும் விதிக்கப்பட்ட கடமையா?

இரண்டாவது கேள்வி: பூட்டு எந்தக் காரணத்துக்காக? ஓஹிக்கின்ஸ் சொன்ன காரணங்கள் குடும்ப நலமும் நாட்டு நலமும்தான். மிகுதியான கடைகள் மக்களைப் பாழாக்குகின்றன என்பதே அவர் வாதம். ஆனால் நாட்களைத் தேர்ந்தெடுத்தது திருச்சபைப் பஞ்சாங்கத்தைப் பார்த்து. அன்று அந்த நாட்டில் 100-க்கு 92 பேருக்கு மேல் கத்தோலிக்கர். பெரும்பான்மையோரின் நோன்பு எல்லாருக்கும் சட்டமாயிற்று. நம்பாதவனும் வேறு வழியில் நம்புகிறவனும் அந்தப் பூட்டுக்கு அடங்க வேண்டும். நோன்பு இருப்பவனுக்குப் பூட்டு தேவையில்லை. அவன் மனமே பூட்டு. நோன்பில்லாதவனை பூட்டு நோன்பாளி ஆக்குவதும் இல்லை. பெரிய வெள்ளிக்கு முதல்நாள், வியாழக்கிழமை மாலையில், புட்டிக்கடைகளில் கூட்டம் அலைமோதியதை அந்த நாடு ஆண்டுதோறும் பார்த்தது. கடையில் குடிக்க வேண்டியதை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிள்ளைகள் எதிரில் குடித்தார்கள். இதற்காகவா சட்டம்?

மூன்றாவது கேள்வி இன்னும் கடினமானது. கூலி குடியில் அழிகிறதே என்று கவலைப்பட்ட அதே அரசு, 1924-இல் முதியோர் உதவித் தொகையை வாரத்துக்கு 10 ஷில்லிங்கிலிருந்து 9 ஷில்லிங்காகக் குறைத்தது. ஓஹிக்கின்ஸ் அந்த அமைச்சரவையில் துணைத் தலைவர். மதுக்கடைக்காரன் மகன் கையிலிருந்து ஒரு ஷில்லிங் பறித்தால் குற்றம். அரசு பாட்டி கையிலிருந்து பறித்தால் சிக்கனமா? வறுமையை வீட்டில் வைத்துக்கொண்டு மதுவை மட்டும் வெளியே நிறுத்தப் பார்த்தார்கள். மறதியைத் தேடிப் போகிறவனுக்கு, மறக்க வேண்டிய துன்பம் குறையாதவரை எந்தக் கதவும் தடையாகாது.

1927 ஜூலை 10, ஞாயிற்றுக்கிழமை. டப்ளினையடுத்த பூட்டர்ஸ்டவுனில் கோயிலுக்குப் பூசை காண நடந்து போய்க்கொண்டிருந்தார் ஓஹிக்கின்ஸ். மெய்க்காவலர் உடன் இல்லை. பழைய பகையை மறவாத மூவர் சுட்டனர். உடனே உயிர் போகவில்லை. சில மணி நேரம் வீட்டில் கிடந்தார். சுட்டவர்களை மன்னிப்பதாகச் சொல்லிவிட்டு உயிர் நீத்தார். இளைய மகள் ஊனா அப்போது சில மாதக் கைக்குழந்தை. அந்தக் கொலைக்காக ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. ஊனா வளர்ந்தார், 1987-இல், தந்தை இறந்து 60 ஆண்டுகள் ஆனபோது, தந்தைக்காகவும் அவரைச் சுட்டவர்களுக்காகவும் சேர்த்து ஒரே பூசை வைத்தார். பகையில் பிறந்த நாட்டுக்கு அந்தப் பெண் கற்பித்த பாடம் அது.

மனிதர் போனார், பூட்டு நின்றது. 1960-ஆம் ஆண்டுச் சட்டம் பேட்ரிக் திருநாளின் பூட்டைத் திறந்தது. 1988-இல் வேலை நாட்களின் புனித மணி ஒழிந்தது. 2010-இல் பெரிய வெள்ளியன்று லிமரிக் நகரில் மன்ஸ்டர், லெய்ன்ஸ்டர் அணிகளுக்கு ரக்பி ஆட்டம் வந்தது. பார்வையாளர் வருகிறார்கள், வருவாய் போகிறது என்று கடைக்காரர்கள் நீதிமன்றம் போனார்கள். கடை திறக்க அனுமதி கிடைத்தது. 2018-இல் புதிய சட்டம் வந்தது. அவ்வாண்டு மார்ச் 30, பெரிய வெள்ளியன்று, 90 ஆண்டுகளுக்குப் பிறகு கடைகள் சட்டப்படி திறந்தன. கிறிஸ்துமஸ் பூட்டு மட்டும் தொடர்கிறது.

பூட்டைத் திறந்த சாவி எது என்று பாருங்கள். மனச்சான்றின் உரிமை என்று சிலர் வாதிட்டது உண்மை. அந்த வாதத்தில் நியாயமும் உண்டு. ஆனால் உரத்து ஒலித்தது சுற்றுலா வருவாய், விற்பனை நட்டம் என்ற குரல்தான். ஒருபுறம் பலிபீடம், மறுபுறம் கல்லாப்பெட்டி. இரண்டுக்கும் நடுவே ஒருவன் நின்றான்; அவனை யாரும் கவனிக்கவில்லை. அவன்தான் மதுக்கடைத் தொழிலாளி.

அயர்லாந்தில் பெரிய வெள்ளி அரசு விடுமுறை நாள் அல்ல என்பதைத் தோழர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். மற்றவர் விடுமுறையில் உழைப்பதே மதுக்கடைப் பணியாளின் தொழில். சனி, ஞாயிறு அவனுக்கு இல்லை, திருவிழா இல்லை. ஆண்டில் இரண்டு நாட்கள்தான் உறுதியாக வீட்டில் இருக்கலாம்; கிறிஸ்துமசும் பெரிய வெள்ளியும். பூட்டு போனபோது அந்த இரண்டில் ஒன்று போயிற்று. கடவுளின் பெயரால் தற்செயலாகக் கிடைத்த ஓய்வு, சுதந்திரத்தின் பெயரால் பறிபோனது. சட்டம் அதைத் தொழிலாளியின் உரிமை என்று எழுதி வைத்திருந்தால் இப்படிப் பறிபோயிருக்குமா?

ஆகவே நாம் சொல்வது இது. மதுவை விற்கும் நாளையும் நேரத்தையும் கட்டுப்படுத்த மக்களின் அரசுக்கு உரிமை உண்டு. அதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் பூட்டின்மேல் ஒரு மதத்தின் முத்திரையைக் குத்தாதீர்கள். ஏன் மூடுகிறோம் என்பதை மக்கள் நலத்தின் மொழியில் சொல்லுங்கள். கூலி தரும் நாளில் மூடினால் தாய்மார்கள் வாழ்த்துவார்கள். அதற்குப் பஞ்சாங்கம் தேவையில்லை. மூடும்போது நாய்க் கண்காட்சிக்கும் நட்சத்திர விடுதிக்கும் பின்வாசல் வைக்காதீர்கள். கடைத் தொழிலாளிக்கு ஓய்வு வேண்டுமானால், சம்பளத்தோடு கூடிய விடுமுறையாகத் தொழிலாளர் சட்டத்தில் எழுதுங்கள்.

ஓஹிக்கின்ஸ் துணிந்தவர். பணபலத்துக்கு அஞ்சாமல் பூட்டுப் போட்டார். அவர் கண்ட நோய் உண்மையானது. ஆனால் பூட்டை மட்டும் மருந்தாக நம்பினார். வறுமை கதவுக்கு வெளியே அப்படியே நின்றது. பணக்காரனுக்குப் பக்கத்துக் கதவு திறந்தே இருந்தது. அவர் துணிவை எடுத்துக்கொள்வோம். அவர் விட்டுப்போன பாதியை நாம் மறவாதிருப்போம்.