சீதனம் யாருடைய சொத்து? பேராசிரியர் தம்பையா தேடிய விடை

பண்டத்தரிப்பிலோ அதைச் சூழவுள்ள வலிகாமத்துக் கிராமங்களிலோ ஒரு வீட்டின் காணி உறுதியை எடுத்துப் பார்த்தால், அது தாய்க்குச் சீதனமாக வந்தது, அதற்கு முன் அவளுடைய தாய்க்குச் சீதனமாக வந்தது என்று பெண்வழியே பின்னோக்கிப் போவதைப் பல இடங்களில் காணலாம். சீதனத்தை ஒரு கொடுமையாக மட்டுமே பேசிப் பழகிய நமக்கு இது வியப்பாக இருக்கும். அந்தச் சொத்து உண்மையில் யாருடையது என்ற கேள்வியை உலக அறிஞர்களின் முன் வைத்தவர்களில் ஒருவர் இலங்கைத் தமிழர். அவர் காலஞ்சென்ற பேராசிரியர் ஸ்டான்லி ஜெயராஜா தம்பையா.

1929 ஜனவரி 16இல் ஒரு தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த தம்பையா, கல்கிசை புனித தோமையர் கல்லூரியில் படித்தார். 1951இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். 1954இல் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டத்தை முடித்துக்கொண்டு நாடு திரும்பி, இலங்கைப் பல்கலைக்கழகத்திலேயே சமூகவியல் கற்பித்தார்.

அவருடைய முதல் ஆய்வுக்களம் கண்டிக்கு அருகிலுள்ள பாத்த தும்பறைக் கிராமங்கள். அங்கு நிலம் துண்டு துண்டாகிக் கொண்டிருந்தது. என். கே. சர்க்காருடன் சேர்ந்து 1957இல் வெளியிட்ட நூலில், சிதைந்துவரும் கிராமத்தின் கதையைக் கணக்கெடுப்பின் துணையோடு சொன்னார். கண்டிச் சிங்களவரிடையே மணமகள் கணவன் வீட்டுக்குப் போவது 'தீக' திருமணம். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து வாழ்வது 'பின்ன' திருமணம். கண்டியச் சட்டப்படி, பின்ன முறையில் மணந்த மகளுக்குத் தகப்பன் காணியில் பங்கு உண்டு. தீக முறையில் போனவள் அதைப் பொதுவாக இழந்துவிடுவாள். ஆகவே ஒரு பெண் எந்த வீட்டில் வாழ்கிறாள் என்பதே அவளுடைய சொத்துரிமையைத் தீர்மானித்தது. சகோதரர்கள் ஒரே மனைவியுடன் வாழும் பழைய வழக்கத்தையும் அவர் லக்கல பகுதியை மையமாக வைத்து ஆராய்ந்தார். பிரித்தானியர் 1859இலேயே சட்டத்தால் தடைசெய்த வழக்கம் அது. பலர் முகம் சுளித்துக் கடந்துபோன அதற்குப் பின்னால் நிலத்தின் கணக்கும் இருப்பதை அவர் கண்டார்.

1956 ஜூனில் மாணவர்களுடன் கல்லோயாக் குடியேற்றத் திட்டத்தில் கணக்கெடுப்பு நடத்திக்கொண்டிருந்தபோது, தனிச் சிங்களச் சட்டத்தை ஒட்டிய கலவரம் அங்கே வெடித்தது. இளம் ஆய்வாளரின் மனதில் அது ஆழப் பதிந்தது. 1960இல் யுனெஸ்கோ நிபுணராகத் தாய்லாந்து சென்றார். பின்னர் கேம்பிரிட்ஜ், சிகாகோ, 1976 முதல் ஹார்வர்ட் என்று அவருடைய ஆசிரியப் பணி வெளிநாட்டிலேயே தொடர்ந்தது.

1973இல் ஜாக் கூடியுடன் சேர்ந்து அவர் எழுதிய நூல், திருமணக் கொடுக்கல் வாங்கல் பற்றிய ஆய்வில் இன்றும் தவிர்க்க முடியாதது. மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டாருக்குக் கொடுப்பது ஆப்பிரிக்காவில் பரவலான வழக்கம். தெற்காசியச் சீதனம் அதன் மறுபக்கம் அல்ல என்று தம்பையா வாதிட்டார். பெற்றோர் தாம் உயிரோடிருக்கும்போதே மகளுக்குக் கொடுத்துவிடும் வாரிசுப் பங்குதான் சீதனம். அது பெண்ணின் சொத்து என்பது அவருடைய கருத்து.

யாழ்ப்பாணத்தின் தேசவழமை இதற்கு நல்ல சான்று. 1707இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசக்ஸ் தொகுத்த அந்த வழமையில், தகப்பன் வழி முதுசம் ஆண்பிள்ளைகளுக்கு, தாயின் சீதனம் பெண்பிள்ளைகளுக்கு. ஆனால் 1911இன் சட்டம் மனைவி தன் அசையாச் சொத்தை விற்கக் கணவனின் எழுத்துமூலச் சம்மதத்தைக் கேட்டது. உறுதியில் அவள் பெயர் இருந்தும் கட்டுப்பாடு முழுமையாக அவள் கையில் இல்லை.

இந்த இடைவெளியைத் தம்பையா கவனிக்காமல் விடவில்லை. 1989இல் தன் வாதத்துக்கே திரும்பி வந்தார். வட இந்தியாவில் சீதனத்தின் மீதான அதிகாரம் மாமியார் வீட்டாரிடம் போய்விடுவதைக் காட்டும் ஆய்வுகளைக் கருத்திலெடுத்துத் தன் கூற்றைத் திருத்திக்கொண்டார். புகழின் உச்சியில் இருக்கும் ஒருவர் தன் பிழையைத் தானே திருத்துவது எளிதல்ல.

1983க்குப் பின் அவருடைய பேனா இனவன்முறையின் பக்கம் திரும்பியது. 1996இல் வெளியான நூலில் 1915இன் சிங்கள – முஸ்லிம் கலவரத்தையும் தனி அத்தியாயமாக ஆராய்ந்தார். 1997இல் பல்சான் பரிசு பெற்றார். 2014 ஜனவரி 19இல் காலமானார்.

அவர் எழுப்பிய கேள்வி நமது வீட்டு வாசலிலும் நிற்கிறது. மஹர் மணமகளுக்கே உரியது என்பதில் நமக்குள் கருத்து வேறுபாடு இல்லை. மணமகளின் பயன்பாட்டுக்காக மாப்பிள்ளையிடம் கொடுக்கப்படும் கைக்கூலியை அவள் திரும்பக் கோரலாம் என்று 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டமும் சொல்கிறது. கிழக்கில் மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் நிக்காஹ் நடத்துகிறோம். ஆனால் கொடுத்த பணம் எத்தனை குடும்பங்களில் பதிவாகிறது? எத்தனை பெண்களுக்கு அதைக் கேட்கலாம் என்று தெரியும்? மகளுக்காகக் கடன்பட்டுக் கட்டிய வீட்டின் உறுதி யாருடைய பெயரில் இருக்கிறது?

சீதனம் வேண்டாம் என்று மேடையில் பேசுவது நல்லதுதான். கொடுத்தாகிவிட்ட வீடுகளில் உறுதியை எடுத்துப் பெயரைப் பார்ப்பதையும் இன்றே செய்யலாம்.