மருந்தறிந்த மாமேதை அல்பிரூனி

அம்பத்தூரிலோ ஆவடியிலோ பூவிருந்தவல்லியிலோ மருத்துவர் எழுதிய சீட்டை மருந்துக்கடையில் நீட்டுகிறீர்கள். எடுத்துக் கொடுப்பது மட்டுமே அங்குள்ளவரின் பணி என எண்ணிவிடாதீர்கள். அப்பணியின் பொறுப்பை ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே வகுத்துரைத்தவர் அபூ ரைஹான் அல்பிரூனி.

கி.பி. 973-இல் குவாரிஸம் நாட்டில் பிறந்த அவர், இளமையில் தம் ஊருக்கு வந்த கிரேக்கர் ஒருவரிடம் விதைகளையும் செடிகளையும் கொண்டுசென்று, அவர் மொழியில் அவற்றின் பெயர்களைக் கேட்டு எழுதிக்கொள்வார். பின்னர் இந்தியா வந்து சமஸ்கிருதமும் கற்றார். மருந்துச் சரக்கின் பெயர் நாட்டுக்கு நாடு மாறுவதைக் கண்டார். பெயர் பிழையானால் நோயாளி பிழைப்பதெங்ஙனம்? ஆகவே, கண்ணும் செவியும் தளர்ந்த முதுமையில், சரக்குகளின் பன்மொழிப் பெயர்களைத் திரட்டி ‘கிதாபுஸ் ஸைதனா’ எனும் மருந்தியல் நூலை இயற்றினார். ஸைதனா என்னும் சொல்லே இந்நாட்டுச் சந்தனத்திலிருந்து பிறந்ததென்பது அவர் கருத்து.

மருந்தாளுநர் நல்ல சரக்கைத் தேர்ந்து முறைப்படி சேர்க்கவேண்டும். வேண்டாததை விலக்கவும், கிடைக்காததற்குத் தக்க மாற்றைத் தரவும் அறிந்திருக்கவேண்டும். யாவற்றினும் மேலாக மருந்தின் குணத்தை உணர்ந்திருக்கவேண்டும் என அவர் வலியுறுத்தினார்.

இன்றும் பணி அதுவே. மருந்தும் அளவும் சரியா, முன்னர் உண்ணும் மருந்தோடு இது முரண்படுமா எனப் பார்ப்பவர் மருந்தாளுநரே. அதனாலன்றோ, சீட்டுக்கு மருந்து வழங்கும் உரிமையை 1948-ஆம் ஆண்டுச் சட்டம் பதிவுபெற்ற மருந்தாளுநருக்கே அளித்தது!

உயிர் அல்லாஹ் அளித்த அமானிதம். ஆதலின் அவசரப்பட்டு வாங்கித் திரும்பாதீர்கள். மருந்தாளுநரிடம் ஐயங்களைக் கேட்டுத் தெளிந்து உண்ணுங்கள்.