ஒரே கிருமி, ஆளுக்கு ஒரு பாதிப்பு ஏன்? விடை தேடிய ஹால்டேனின் கதை

கொரோனா இரண்டாம் அலை ஞாபகம் இருக்கா? ஒரே வீட்டில் ஒருவருக்கு வெறும் சளியோடு போனது, இன்னொருவருக்கு ஆக்சிஜன் படுக்கை தேட வேண்டியிருந்தது. வயது, சர்க்கரை நோய் எல்லாம் காரணம்தான். மரபணுவுக்கும் இதில் பங்கு உண்டா? தொற்றுநோய்கள் பற்றி இந்தக் கேள்வியை 75 ஆண்டுகளுக்கு முன்பே எழுப்பியவர் ஜே.பி.எஸ். ஹால்டேன்.

யார் இவர்?

1892இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில் பிறந்தவர். அப்பா சுவாசத்தை ஆராய்ந்த விஞ்ஞானி. மகன் படித்ததோ கணிதமும் கிரேக்க, லத்தீன் இலக்கியமும். அறிவியலில் பட்டமே கிடையாது! ஆனாலும் பரிணாமத்தைக் கணக்குப் போட்டு விளக்கிய முன்னோடிகளில் ஒருவரானார்.

என்ன கண்டுபிடித்தார்?

மத்தியதரைக் கடல் பகுதியில் தலசீமியா என்ற ரத்தக் குறைபாடு ஏன் இவ்வளவு அதிகம் என்று யோசித்தார். பழுதான மரபணு அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் வந்தால் குழந்தைக்குக் கடும் ரத்தசோகை. ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால், அது மலேரியாவைத் தாங்க உதவலாம் என்று ஊகித்தார். பிற்கால ஆய்வுகள் அதை உறுதி செய்தன.

1949இல் இன்னொரு கட்டுரை எழுதினார். கிருமி, பெரும்பாலானோரின் உடலமைப்புக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும். அரிதான வகை உடல் கொண்டவர்கள் தப்பலாம். அதாவது, ஒரு சமூகத்துக்குள் இருக்கும் மரபணு வேறுபாடே அதற்குப் பாதுகாப்பு.

இந்தியாவுக்கு ஏன் வந்தார்?

1957இல் மகலனோபிஸின் அழைப்பை ஏற்று, கொல்கத்தாவில் உள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் சேர்ந்தார். குர்தாவுக்கு மாறினார், 1961இல் இந்தியக் குடிமகனானார். பிறகு புவனேஸ்வரில் ஆய்வகம் அமைத்தார். 1964 டிசம்பர் 1 அன்று புற்றுநோயால் இறந்தார். அவர் விருப்பப்படி உடல் காக்கிநாடா மருத்துவக் கல்லூரிக்குப் போனது. அவர் கையோடு கொண்டுவந்த 'ஜர்னல் ஆஃப் ஜெனடிக்ஸ்' இதழை இன்று பெங்களூருவில் உள்ள இந்திய அறிவியல் அகாடமி வெளியிடுகிறது.

நமக்கு என்ன?

கடுமையான கொரோனாவோடு தொடர்புடைய ஒரு மரபணுப் பகுதி, நியாண்டர்தால் மனிதர்களிடமிருந்து வந்தது என்று 2020இல் ஓர் ஆய்வு சொன்னது. ஐரோப்பாவில் சுமார் 16% பேரிடமும் தெற்காசியாவில் சுமார் 50% பேரிடமும் அது இருக்கிறது. அப்படியானால் நமக்குத்தான் ஆபத்து அதிகமா? தெற்காசியத் தரவுகளில் அந்தத் தொடர்பு தென்படவில்லை என்று 2021இல் இந்திய ஆய்வாளர்கள் சொன்னார்கள்.

ஐரோப்பியர்களின் தரவை வைத்து நம் உடலைக் கணிப்பதில் உள்ள சிக்கல் இதுதான். பெங்களூரு ஐஐஎஸ்சி வளாகத்தில் உள்ள மூளை ஆராய்ச்சி மையம் ஒருங்கிணைத்த 'ஜீனோம் இந்தியா' திட்டம், பல சமூகங்களைச் சேர்ந்த சுமார் 10,000 இந்தியர்களின் மரபணுத் தொகுதியைப் படித்திருப்பது அதனால்தான் முக்கியம்.

அடுத்த முறை டிஎன்ஏ டெஸ்ட் ரிப்போர்ட்டில் 'ஹை ரிஸ்க்' என்று வந்தால், பதறுவதற்கு முன் ஒன்றைக் கேளுங்கள்: இது யாருடைய தரவை வைத்துப் போட்ட கணக்கு?