வண்டிக்கு அடியில் ஒரு விஞ்ஞானி – ராபர்ட் ஹூக்



ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பாடத்தில் ஆரம்பத்திலேயே நமக்கு அறிமுகமாகிறவர் ராபர்ட் ஹூக். மீள் எல்லைக்குள் தகைவும் திரிபும் நேர்விகிதத்தில் இருக்கும் என்று எழுதி, ஒரு கிராஃப் போட்டு, மார்க் வாங்கிக்கொண்டு அவரை மறந்துவிடுகிறோம். அப்புறம் தியரி ஆஃப் மெஷின்ஸில் ஹூக்ஸ் ஜாயிண்ட் வருகிறது. இரண்டு ஹூக்கும் ஒரே ஆள்தான்! ஒரு வண்டியின் சஸ்பென்ஷன், ஸ்டியரிங் இரண்டிலும் இந்த ஒரே மனிதரின் கை இருப்பதால்தான், இந்த மலரில் அவரைப் பற்றி எழுத ஆசைப்பட்டேன்.

ஹூக் 1635 ஜூலை 18 அன்று இங்கிலாந்தின் தெற்கே உள்ள வைட் தீவில் பிறந்தார். தந்தை ஒரு சாதாரண கிறித்தவப் போதகர். நோஞ்சான் பிள்ளை, ஆனால் கை மட்டும் சும்மா இருக்காது. யாரோ ஒருவர் பித்தளைக் கடிகாரத்தைப் பிரிப்பதைப் பார்த்துவிட்டு, அதே மாதிரி மரத்தில் செய்து ஓடவும் வைத்தாராம். 13 வயதில் தந்தை இறந்தார். லண்டனுக்கு வந்து கொஞ்ச நாள் ஓவியரிடம் தொழில் பழகி, பிறகு வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளியில் சேர்ந்து, ஆக்ஸ்ஃபோர்டு போனார்.

அங்கே ராபர்ட் பாயில் என்ற செல்வந்தர் வீட்டு விஞ்ஞானியிடம் சம்பளத்துக்கு உதவியாளர் ஆனார். பாயிலின் சோதனைகளுக்கான காற்றுப் பம்பை உருவாக்கிக் கொடுத்தது ஹூக்கின் கைதான். 1662-ல் ராயல் சொசைட்டி அவரைச் சோதனைகளின் பொறுப்பாளராக நியமித்தது. உறுப்பினர்கள் பலர் வசதியானவர்கள். நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பார்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் மூன்று நான்கு சோதனைகளைத் தயார் செய்து காட்ட வேண்டியது ஹூக்! வாக்களித்த சம்பளத்தில் ஒரு பகுதி ஒழுங்காக வரவே இல்லை. அதற்காக வழக்குப் போட்டு, 1696-ல்தான் ஜெயித்தார். டிகிரிக்காரருக்கும் ஃபிட்டருக்கும் நடுவில் நிற்கிற நமக்கு இந்தக் கதை புரியும் இல்லையா?

நம்ம விஷயத்துக்கு வருவோம். 1665 மே 1 அன்று லண்டனுக்கு வெளியே ஒரு வீட்டில், குதிரை வண்டிகளைக் குலுங்காமல் ஓடச் செய்வது எப்படி என்று சோதனை நடந்தது. அன்றைய வண்டியில் போனால் எலும்பெல்லாம் கழன்றுவிடும். வண்டியின் உடல் முழுவதும் ஒரே நீளமான ஸ்பிரிங்கின் மேல் நிற்கும் ஒரு வண்டியில் வந்தவர்கள் மாறி மாறி ஏறிப் பார்த்தார்கள். சாமுவேல் பீப்ஸ் தன் நாட்குறிப்பில் இதை எழுதி வைத்திருக்கிறார். அன்று அவரோடு போனவர்களில் ஹூக்கும் ஒருவர்.

1676-ல் ஹூக், சூரியனைப் பார்க்கும் கருவிகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். சாய்வாக நிற்கும் இரண்டு தண்டுகளில் ஒன்றின் சுழற்சியை மற்றொன்றுக்குக் கொடுக்கும் யுனிவர்சல் ஜாயிண்ட் அதில் இருக்கிறது. அதே நூலின் கடைசியில் ஸ்பிரிங் விதியும் இருந்தது. ஆனால் நேராகச் சொல்லவில்லை. எழுத்துகளைக் கலைத்துப் புதிராகப் போட்டுவிட்டார், வேறு யாரும் தட்டிக்கொண்டு போகக்கூடாதே என்று! 1678-ல்தான் விடையை வெளியிட்டார். நீண்ட கம்பிகளிலும் சுருள் ஸ்பிரிங்கிலும் எடை தொங்கவிட்டு, எடை எவ்வளவோ நீட்சியும் அவ்வளவு என்று காட்டினார்.

இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க நல்ல உதாரணம், அமெரிக்காவில் பிக்-அப் டிரக்குகளைப் பெரிய டயருக்காக உயர்த்திக் கட்டும் பழக்கம். அப்படி யாரோ உயர்த்திய வண்டியைப் பழையதாக வாங்கினவர், ஸ்டியரிங் நேராக நிற்கவில்லை, பள்ளத்தில் விழுந்தால் இழுக்கிறது, குலுக்குகிறது என்று ஒர்க்‌ஷாப்புக்கு வருவார். காரணத்தை ஹூக்கிடமே கேட்கலாம்.

ஒரு மில்லிமீட்டருக்கு 40 நியூட்டன் கேட்கும் ஸ்பிரிங், 2000 நியூட்டன் சுமையில் 50 மி.மீ. அமுங்கும். அதை 80 நியூட்டன் ஸ்பிரிங்காக மாற்றினால் 25 மி.மீ.தான் அமுங்கும். வண்டி உயரும், கூடவே குலுக்கலும் வரும்.

அடுத்தது ஜாயிண்ட். தண்டுகளுக்கு நடுவே கோணம் இருந்தால், ஒரு பக்கம் சீராகச் சுற்றினாலும் மறுபக்கம் ஒரு சுற்றில் இரண்டு முறை வேகம் கூடிக் குறையும். 10 டிகிரியில் வித்தியாசம் சுமார் 1.5 சதவீதம்தான். 30 டிகிரியில் வேகம் 0.87 மடங்குக்கும் 1.15 மடங்குக்கும் நடுவே ஆடும். பாடியை மட்டும் கட்டை வைத்து உயர்த்தினால் ஸ்டியரிங் தண்டின் ஜாயிண்ட் கோணம் மாறும். அதிகமாக மாறினால், திருப்பும்போது ஓர் இடத்தில் கனமாகவும் ஓர் இடத்தில் லேசாகவும் இருக்கும். புரொப்பெல்லர் ஷாஃப்ட்டில் இரண்டு முனைக் கோணமும் சமமாக, யோக்குகள் ஒரே நேரில் இருந்தால் ஒன்று செய்ததை மற்றொன்று சரிசெய்யும். பின் ஆக்ஸிலின் சாய்வு மாறிப்போனால் அந்தச் சமம் கெட்டு அதிர்வு வரும்.

முன்பக்கம் ஒரே ஆக்ஸில் உள்ள வண்டியாக இருந்தால், உயர்த்தும்போது அது திரும்பி காஸ்டர் கோணம் குறையும். ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்பாது. டிராக் லிங்க் செங்குத்தாகச் சாய்ந்தால், ஒவ்வொரு மேட்டிலும் சக்கரம் தானே திரும்பும். அதனால் முதலில் ஜாக்கி போட்டு பால் ஜாயிண்ட், டை ராட் முனை, புஷ் இவற்றில் ஆட்டம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தேய்ந்ததை மாற்றிவிட்டு, கோணங்களை அளந்து, இறக்கமான பிட்மன் ஆர்ம், சரியான நீளமுள்ள கண்ட்ரோல் ஆர்ம் போட்டு, கடைசியில் அலைன்மெண்ட். கோணத்தை விட்டுவிட்டு வெறும் டேம்பர் மாட்டினால் நோய் மறையும், போகாது. வேகமாகப் போகும்போது அதுவே உயிருக்கு ஆபத்து.

1666 தீ விபத்துக்குப் பின் எரிந்த லண்டனை அளந்து மீண்டும் எழுப்பும் வேலையிலும் ஹூக் முன்னின்றார். 1665-ல் நுண்ணோக்கியில் தக்கையைப் பார்த்து, செல் என்ற பெயரை வைத்ததும் அவரே. ஆனால் சண்டைக்காரர். கடிகார ஸ்பிரிங்குக்காக ஹைகன்ஸோடும், ஈர்ப்பு விசைக்காக நியூட்டனோடும் மோதினார். பல யோசனைகளைத் தொடங்கி, முடிக்காமல் விட்டதும் இதற்குக் காரணம். 1703 மார்ச் 3 அன்று இறந்தார். அதே ஆண்டு நியூட்டன் ராயல் சொசைட்டி தலைவரானார். ஹூக்கைப் பார்த்து வரைந்தது என்று உறுதியாகச் சொல்ல ஒரு படம்கூட இன்று நம்மிடம் இல்லை.

படம் போனால் போகட்டும் நண்பர்களே! நாளைக்கு நீங்கள் ஒரு வண்டிக்கு அடியில் படுத்து, ஸ்பிரிங்கையும் ஜாயிண்ட் கிராஸையும் பார்க்கும்போது, அவருடைய வேலைக்குக் கீழேதான் படுத்திருக்கிறீர்கள். ஒன்றை மாற்றுவதற்கு முன், அது வேறு எதையெல்லாம் மாற்றும் என்று அளந்து பாருங்கள். கண்டுபிடித்ததைப் புதிராக வைக்காமல் ஜாப் கார்டில் தெளிவாக எழுதி வையுங்கள். ஹூக் செய்ததும் பாடம், செய்யாமல் விட்டதும் பாடம்.

– மூன்றாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை